கத்தியை எடுக்கும் முன்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

மேகம் சன்னல்வரை இறங்கி வந்து நின்ற ஆடி மாதக் காலை அது. பதினோராம் வகுப்பு உயிரியல் மாணவியராகிய நாங்கள் ஆய்வகத்துள் நுழைந்தபோது, மேசைமேல் மெழுகுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஆட்டின் இதயம். கடைவீதி இறைச்சிக் கடையிலிருந்து அன்று காலைதான் வாங்கி வந்தவை. பக்கத்தில் சிறு கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி, குண்டூசிகள். எங்களில் சிலர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டோம். ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொருத்தியோ, மருத்துவராக வேண்டும் என்று மூன்றாம் வகுப்பு முதல் சொல்லி வந்தவள், தான் வணிகவியல் பிரிவுக்கு மாறிவிடப் போவதாகக் கண்ணீரோடு சொல்லிவிட்டாள்.

எங்கள் அன்னையர் காலத்தில் இந்தத் தட்டில் தவளை கிடந்திருக்கும். தவளையை மயக்கி, கால்களை ஊசியால் பொருத்தி, வயிற்றுப்புறத் தோலை நடுவில் வெட்டித் திறந்து, மூன்றறை இதயம் துடிப்பதைக் காட்டுவார்களாம். வயல்களில் பிடிபட்ட தவளைகள் ஆய்வகங்களுக்கும், வெளிநாட்டு உணவு மேசைகளுக்கும் கணக்கின்றிப் போயின. பூச்சிகளைத் தின்று பயிரைக் காத்த உயிர் குறைந்துவிட்டது என்று கண்டபின் 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2011-ல் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைக் குறைக்கச் சொல்லி, 2014-ல் விலங்கியல் வகுப்புகளில் அதை நிறுத்தும்படி அறிவுறுத்தியது. நம் பழனி மலைச் சோலைகளில் வேறெங்கும் காணாத சிறு தவளையினங்கள் வாழ்கின்றன என்பதை அறிந்த எங்களுக்கு அது மகிழ்ச்சியே. ஆயினும் உடலின் உள்ளமைப்பை ஒருமுறையேனும் கண்ணால் கண்டு கையால் தொட்டறிய வேண்டும் என்பதற்காகவே, உணவுக்கென ஏற்கெனவே அறுக்கப்பட்ட ஆட்டின் இதயம் எங்கள் முன் வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் முகங்களைப் பார்த்த அருட்சகோதரி ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தட்டுகளை மூடினார். இன்று கத்தி வேண்டாம், கத்தியை எடுக்கும் முன் ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். நம் மலையிலேயே வாழ்ந்து, நம் மலையிலேயே கண்மூடிய ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதையும், பின்னர் நூலகத்தில் நாங்கள் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரைக் கேளாதவர் தமிழகத்தில் இல்லை. அதை நிறுவிய டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, பின் சென்னையில் பணியாற்றிய மருத்துவ மறைப்பணியாளர். தந்தையாரும் மருத்துவரே. குடும்பமே தொண்டில் ஊறியது. ஆனால் சிறுமி ஐடாவுக்கு அந்தத் தொண்டின்மேல் ஆசை பிறக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. ஆறேழு வயதுச் சிறுமியாக இருந்த ஐடா, தம் வீட்டு வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தார். ரொட்டியைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ளவும் வலுவற்ற பிள்ளைகளுக்கு ஊட்டியும் விட்டார். அந்தக் காட்சிகள் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1878-ல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றபின், நோயும் பசியும் வெயிலும் நிறைந்த நாட்டுக்குத் திரும்பவே கூடாது, நல்ல இடத்தில் மணம் முடித்து வசதியாக வாழ வேண்டும் என்று எண்ணிய சாதாரணப் பெண்ணாகவே வளர்ந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் படித்தபோது தோழியர்க்கிடையே குறும்புக்காரி என்று பெயரெடுத்தவர்.

நோயைக் கண்டு முகம் திருப்பிய பெண் ஒருவரே பின்னாளில் பெரிய மருத்துவரானார் என்பதைக் கேட்டபோது, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த எங்கள் தோழி மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள்.

1890-ல் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் பணியாற்றினர். தாயைக் கவனித்துவிட்டு உடனே திரும்பும் எண்ணத்தோடு ஐடா இந்தியா வந்தார். அங்கேதான் அந்த இரவு நேர்ந்தது. ஐடா விளக்கருகே உட்கார்ந்திருந்தபோது ஓர் அந்தணர் வாசலில் வந்து நின்றார். இளவயது மனைவி பிள்ளைப்பேற்றில் துடிக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். தாம் மருத்துவரல்லர், தந்தையாரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அயலான் ஒருவன் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று சொல்லி அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஓர் இசுலாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவரும் ஓர் இந்து. அவரும் ஆண் மருத்துவரை ஏற்கவில்லை. சமயமும் சாதியும் வேறாயினும் மூவரும் ஒன்றையே கேட்டனர்: மருத்துவம் தெரிந்த ஒரு பெண்.

பொழுது விடிந்தபோது ஊரில் பறையொலி கேட்டது. விசாரித்து வரும்படி அனுப்பிய பணியாள் திரும்பி வந்து, மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்றார். ஐடா தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் செபித்தார். வெளியே வந்து, அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி வந்து இந்நாட்டுப் பெண்களுக்கே உழைக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

ஒரு முடிவை எடுக்க ஓர் இரவு போதும். அதைக் கையில் கொண்டுவர எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும்! 1895-ல் பிலடெல்பியா நகரின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். பெண்களுக்கென்றே 1850-ல் தோன்றிய கல்லூரி அது. நம் நாட்டின் ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் பட்டம் பெற்றதும் அங்கேதான். அக்கல்லூரிப் பெண்கள் 1869-ல் மருத்துவமனை வகுப்புக்குச் சென்றபோது ஆண் மாணவர்கள் கூச்சலிட்டு இழிவுபடுத்தினர். பெண் உடற்கூற்றைப் படிப்பதா, சடலத்தை அறுப்பதா, அதனால் பெண்மை கெடாதா என்பதே அவர்கள் கேள்வி. பெண்கள் தலைகுனியாமல் படித்தனர். கோர்னெல் பல்கலைக்கழகம் 1898-ல் நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரி திறந்து பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது, ஐடா இறுதி ஆண்டை அங்கே முடித்து 1899-ல் பட்டம் பெற்றார்.

பஞ்சத்தின் எலும்புருவங்களைக் கண்டு அஞ்சிய அதே கண்கள், எலும்பையும் தசையையும் நரம்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகின. அந்தப் பழக்கம் எதற்கு? தாயின் இடுப்பெலும்பு எவ்வளவு இடம் விடும், குழந்தையின் தலை எப்படித் திரும்பி வரும், எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று கையறியாமல், திண்டிவனத்துப் பெண்ணைப் போன்ற ஒருத்தியைக் காப்பாற்ற முடியாது. உயிரில்லாத உடலிடம் கற்க வேண்டியதை உயிருள்ள உடலிடம் கற்க முற்பட்டால் அது மருத்துவமன்று, கொலை.

1900-ஆம் ஆண்டின் முதல் நாளன்று டாக்டர் ஐடா இந்தியா திரும்பினார். அருகிலிருந்து கற்றுத் தருவார் என்று அவர் நம்பிய தந்தையார் அவ்வாண்டே காலமானார். தனியாக நின்ற இளம் பெண் மருத்துவரை நம்பி மக்கள் உடனே வரவில்லை. வேலூரில் தங்கியிருந்த வீட்டின் ஒரு சிறு பகுதியே மருந்தகமாயிற்று. உதவிக்குத் தாதி இல்லை. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவி சலோமி என்பவரே முதல் துணை. முதல் பெரிய அறுவைச் சிகிச்சையின்போதும் பக்கத்தில் நின்றவர் அந்தச் சலோமிதான். அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணைக் கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுக்கவும், இரத்தத்தைக் கண்டு மயங்காமல் விளக்கைப் பிடிக்கவும் பழக்கினாரே, அதுவே டாக்டர் ஐடா நடத்திய முதல் வகுப்பு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இரண்டே ஆண்டுகளில் அங்கே 5,000 பேர்வரை சிகிச்சை பெற்றனர். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற செல்வர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-ல் எழுந்தது. 1909-ல் செவிலியர் பள்ளி தொடங்கிற்று. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, வழியில் காத்திருந்த ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் சாலையோர மருத்துவமும் தொடங்கியது.

ஆயினும் ஒரு பெண் எத்தனை வாசலுக்கு ஓட முடியும்? அன்று வந்தவர் மூவர். இன்று வருபவர் மூவாயிரம் பேர். தாமே எல்லாரிடமும் போவதைவிட, போகக்கூடிய பெண்களை உருவாக்குவதே வழி என்று கண்டு, இந்தியப் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று கேட்டார். சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன் நம்பிக்கையின்றியே அனுமதி தந்தார். மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்பது அவர் கணிப்பு. வந்தவையோ 151! 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டது. சேர்த்துக்கொள்ளப்பட்டவர் 17 பேர். போதிய கட்டடமில்லை, போதிய ஆசிரியரில்லை. கருவிகளும் நூல்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. முதல்வராக இருந்த டாக்டர் ஐடாவே வகுப்புகளையும் எடுத்தார்.

அந்தப் பதினேழு பெண்களும் வந்த வீடுகளை எண்ணிப் பார்ப்போம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே தலைமுழுகிவிட்டு உள்ளே வரும் நாடு இது. சடலத்தைத் தொடுவது தீட்டு. அதை அறுப்பதோ கேள்விப்படாத செயல். 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிதர் மதுசூதன குப்தர் சடலத்தை அறுத்து உடற்கூறு கற்கத் துணிந்தது ஒரு பெரும் புரட்சியாகவே பேசப்பட்டது. அவரோ ஆண்மகன். வேலூருக்கு வந்தவர்களோ, பள்ளிப் படிப்பு முடித்த கையோடு முதன்முறையாக வீட்டைவிட்டு வந்த பெண்கள். நம்மைவிட ஓரிரு வயதே மூத்தவர்கள்.

அவர்களை எது தாங்கியது? துணிச்சல் மட்டுமன்று என்றார் எங்கள் அருட்சகோதரி. உடற்கூற்று வகுப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எலும்பு. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, மேடு பள்ளங்களைத் தடவிப் பெயர் சொல்ல வேண்டும். பிறகு தோல், அதன்கீழ் தசை, அதனூடே இரத்தக் குழாய், நரம்பு என்று ஒவ்வோர் அடுக்காகப் போக வேண்டும். அவசரப்பட்டு வெட்டியவளுக்கு ஒன்றும் தெரியாது. பொறுமையாகப் பிரித்தவளுக்கே தெரியும். பொறுமையின் வேரோ மரியாதை. மேசைமேல் கிடப்பது நேற்றுவரை உணவுண்டு பேசிச் சிரித்த ஒருவரின் உடல் என்ற நினைவு இருந்தால் கை தானே மென்மையாகிவிடும். அதோடு டாக்டர் ஐடாவின் மாணவியர் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. அதே ஊரில் மருத்துவமனை. அங்கே மாட்டு வண்டியில் கிடத்திக் கொண்டுவரப்பட்ட தாய்மார். யாருக்காகப் படிக்கிறோம் என்பது கண்ணெதிரே இருந்தது. ஊழியம் பெறுவதற்கன்று, ஊழியம் புரியவே வந்த ஆண்டவரின் வழியே அப்பள்ளியின் இலட்சியமாயிற்று. அறுவைச் சிகிச்சைக்கு முன் செபிப்பதும் வேலூரின் வழக்கமாயிற்று.

முதல் அரசுத் தேர்வு வந்தது. இடையில் சிலர் விலகி, எஞ்சியோர் 14 பேர். மாகாணத்தின் ஆண்கள் மருத்துவப் பள்ளிகளில் ஐவரில் ஒருவரே தேறுவது வழக்கம், தோல்விக்கு மனந்தளர வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லப்பட்டிருந்தது. முடிவு வந்தபோது பதினான்கு பெண்களும் தேறியிருந்தனர்!

பின்னும் சோதனைகள் இல்லாமலில்லை. 1930-களின் இறுதியில், பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க முடியாது என்ற நிலை வந்தது. எழுபதைக் கடந்த வயதில் டாக்டர் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். 1942-ல் வேலூருக்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். சிறு மருந்தகமாகத் தொடங்கிய வீடு, நாடெங்கும் மருத்துவரை அனுப்பும் கல்லூரியாயிற்று.

அங்கே கத்தி என்னென்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று போதும். நம் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் 1948 முதல் செய்து வந்தார். அக்கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். நடக்க முடியாது என்று ஆனபின்னும் அவர் மருத்துவத்தை விடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். கால் போனாலும் கை இருக்கிறது, கை கற்றது இருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டிய பெண்மணி அவர்.

கத்தோலிக்கப் பள்ளி மாணவியராகிய நாம் இன்னொன்றும் அறிய வேண்டும். அந்நாளில் நம் திருச்சபையின் கன்னியர் மருத்துவமும் பேறுகாலப் பணியும் செய்யச் சட்டத் தடை இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி, சிறப்பு அனுமதி பெற்ற கன்னியராகக் குண்டூரில் பணியாற்றினார். டாக்டர் அன்னா டெங்கல் அம்மையார் 1925-ல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1936-ல் உரோமை அந்தத் தடையை நீக்கியது. சபை வேறு, வழி வேறு. ஆயினும் இந்தியத் தாய்மாரின் வேதனைக்குரலே இவர்கள் எல்லாரையும் அழைத்தது.

1946-ல் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஐடா, நம் கோடைக்கானலில் உள்ள ‘ஹில்டாப்’ என்ற தம் இல்லத்தில் குடியேறினார். 1845-ல் மதுரை அமெரிக்க மறைப்பணியாளர்கள் காய்ச்சலுக்குத் தப்பி இம்மலையில் வீடு கட்டிய நாள்முதல், சமவெளியில் உழைத்தோர் இளைப்பாற வந்த ஊர் இது. அவரும் ஆண்டுதோறும் கோடையில் வந்தவரே. அறுபது வயதுக்கு மேலும் இங்கே டென்னிஸ் ஆடி இளம் பெண்களை வென்றவர் என்பார்கள். தோட்டமும் மலர்களும் அவருக்கு உயிர். 1960-ஆம் ஆண்டு மே மாதம், 89-ஆம் வயதில், அந்த இல்லத்திலேயே அமைதியாக இறைவனடி சேர்ந்தார். இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

வரலாறு முடிந்தபோது மணி அடித்துவிட்டது. அருட்சகோதரி அன்று வேறெதுவும் சொல்லவில்லை.

மறுவாரம் மீண்டும் தட்டுகள் வந்தன. நாங்கள் முதலில் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். நமக்குக் கற்பிக்க வந்த அந்த உயிரைப் படைத்த இறைவனுக்கு நன்றி செலுத்தினோம். பிறகு இதயத்தைக் கையிலெடுத்து, மேலே பெருந்தமனியின் வாயைக் கண்டு, அதன் வழியாக விரலை நுழைத்துப் பார்த்தோம். கத்தியால் மெதுவாகப் பிளந்தோம். நான்கு அறைகள். இடப்பக்கக் கீழறையின் சுவர் வலப்பக்கத்தைவிட எவ்வளவு தடித்திருந்தது! உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டிய சுவர் அல்லவா அது? வால்வுகளை இழுத்துப் பிடித்திருந்த வெண்ணிற நார்கள் வீணையின் நரம்புபோல் விறைப்பாக நின்றன. புத்தகப் படத்தில் இவையெல்லாம் வெறும் கோடுகளாக இருந்தன. இப்போதுதான் எங்களுக்கு உண்மையாயின. எவரும் மூக்கை மூடவில்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் எவரும் முகத்தைத் திருப்பவில்லை.

வணிகவியலுக்கு மாறப் போவதாகச் சொன்ன எங்கள் தோழி, அன்று நெடுநேரம் இடுக்கியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கை நடுங்கியது. கடைசியில் கத்தியைத் தான் வாங்கிக்கொண்டு, கீழறையின் நுனிவரை ஒரே நேர்க்கோட்டில் வெட்டினாள். அவள் மருத்துவராவாளோ, ஆகமாட்டாளோ, இறைவன் அறிவார். உயிரியல் பிரிவில்தான் இன்னும் இருக்கிறாள்.

அன்புத் தங்கையரே, அடுத்த ஆண்டு நீங்களும் அந்த மேசைமுன் நிற்பீர்கள். அருவருப்பு வருவது குற்றமன்று. அது டாக்டர் ஐடாவுக்கும் வந்தது. அதைத் தாண்டச் செய்தது, வாசலில் வந்து திரும்பிப் போன மூன்று பேரின் நினைவு. நம் மலைக் கிராமங்கள் பலவற்றிலிருந்து மருத்துவமனைக்கு வரும் வழி இன்றும் நெடுந்தொலைவுதான். அங்கே ஏதோ ஒரு வாசலில் யாரோ ஒருவர் நமக்காகக் காத்திருக்கக்கூடும். அவரை நினைத்துக்கொண்டு கத்தியை எடுப்போம். மெல்ல எடுப்போம், மரியாதையோடு எடுப்போம்.